முதலில் வங்கி, கடைசியில் உழவனா?

பெரும்போக அறுவடை முடிந்து சில வாரங்கள் கழிந்த ஒரு காலைப்பொழுதில், எழுபது வயதைக் கடந்த வயற்காரர் ஒருவர் ஒலுவிலில் உள்ள என் கந்தோரின் படியேறி வந்தார். சாரன் மடியிலிருந்து நான்காக மடித்த ஒரு துண்டை எடுத்து மேசைமீது விரித்து வைத்தார். நெல் ஆலை ஒன்றின் துண்டு அது. திகதி இருந்தது; மூட்டைக் கணக்கு இருந்தது; நிறை இருந்தது. பணம் கொடுத்ததற்கான குறிப்பு மட்டும் இல்லை.

பல ஆண்டுகளாக அவர் அந்த ஆலைக்கே நெல் கொடுத்து வந்தவர். நெல் போனால் இரண்டு மூன்று வாரத்தில் காசு வந்துவிடும். அந்த முறை காசு வரவில்லை, செய்திதான் வந்தது. ஆலை கடனில் மூழ்கிவிட்டது, வங்கி வந்து கதவைப் பூட்டிவிட்டது என்ற செய்தி. அவர் ஓடோடிச் சென்று பார்த்தார். கம்பிக் கதவுக்கு அப்பால், தாம் தைத்துக் கட்டிய சாக்குகள் அடுக்கியது அடுக்கியபடியே கிடந்தன.

“என்ட சாக்கு உள்ள கிடக்கு, தம்பி. காசு இன்னும் கைக்கு வரல்ல. அப்ப அது ஆர்ர நெல்லு?” என்று கேட்டார்.

நான் சட்டம் படித்தவன். அந்தக் கேள்விக்குச் சட்டம் என்ன மறுமொழி சொல்லும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அதைச் சொல்ல நா எழவில்லை.

சட்டத்தின் மறுமொழி இதுதான்: நெல் ஆலைக்காரனுடையது, ஆலைக்காரன் ஈடு வைத்துவிட்டபடியால் வங்கிக்குச் சேரவேண்டியது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, கடனுக்கு விற்று ஒப்படைத்த பொருளின் உடைமை, விலை கொடுபடாவிட்டாலும், வாங்கியவனைச் சேர்ந்துவிடுகிறது. விலை பெறாத விற்பனையாளன், பொருள் தன் கையில் இருக்கும்வரைதான் அதைத் தடுத்து வைக்கலாம். கைமாறிய பின்னர் அவனுக்கு எஞ்சுவது வழக்குத் தொடரும் உரிமை ஒன்றே. ஆலைக்காரனோ, ஆலைக்குள் இருப்பதும் இனி வரப்போவதுமான இருப்பு முழுவதையும் வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுத்திருந்தான். ஆகவே, கிழவரின் மூட்டை ஆலையின் வாசலைக் கடந்த அந்தக் கணத்திலேயே வங்கியின் பிணைக்குள் விழுந்துவிட்டது. ஒரு சதமும் கொடாத ஆலைக்காரன், தன்னுடையதல்லாத உழைப்பைக் கொண்டு தன் கடனுக்குப் பிணை நின்றான்!

இது ஒரு கிழவரின் கதை மட்டும் என்றால் இப்பத்தியில் இடம்பெற வேண்டியதில்லை. நெல்லையும் கரும்பையும் பாலையும் மீனையும் நம்பிக்கையின்பேரில் கொடுத்துவிட்டுக் காசுக்குக் காத்திருக்கும் ஒவ்வொருவரின் தலைமேலும் தொங்கும் கத்தி இது. கடன் முறிவுச் சட்டத்தைப் புதிதாக எழுதவேண்டும் என்ற பேச்சுக் கொழும்பில் சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. வங்கிகள் பேசுகின்றன, கணக்காளர்கள் பேசுகின்றனர், வணிகச் சங்கங்கள் பேசுகின்றன. அந்த மேசையில் வயற்காரனுக்கு நாற்காலி உண்டா? இல்லையெனில் ஏன் இல்லை? இதைக் கேட்கவே இக்கட்டுரை.

வரிசை ஒன்றின் கதை

வங்குரோத்துச் சட்டம் என்றதும் நம்மவர்கள் அதை முதலாளிமாரின் தொல்லை என்று ஒதுக்கிவிடுகின்றனர். அஃது ஒரு வரிசை பற்றிய சட்டமே. ஒரு கம்பனிக்கு நூறு ரூபா கடன். விற்றால் தேறும் சொத்து நாற்பது ரூபா. எஞ்சிய அறுபது ரூபா நட்டத்தை யார் தலையில் கட்டுவது? இதற்கு எழுதி வைத்த விடைதான் அந்தச் சட்டம். வரிசையில் முன்னே நிற்பவன் முழுதும் பெறுவான். நடுவில் நிற்பவன் கொஞ்சம் பெறுவான். வாலில் நிற்பவன் கைவிரித்துத் திரும்புவான்.

நமது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் வரிசை எவ்வாறு உள்ளது? ஈடு பெற்ற வங்கி, ஈட்டுப் பொருளின்மேல் தன் கையை வைத்துக்கொண்டு நிற்கிறது. கம்பனியைக் கலைப்பவரின் செலவும் கூலியும் முன்னே நிற்கின்றன. பின்னர் ஊழியரின் சம்பளம், சேமலாப நிதி, அரசாங்கத்தின் வரி முதலிய முன்னுரிமைக் கடன்கள். இவற்றை நான் குறைகூறவில்லை. உழைத்தவனின் சம்பளம் முன்னே நிற்பது நியாயமே. ஆனால் நெல் கொடுத்தவன் எங்கே? சாக்கு விற்றவன், லொறி வாடகைக்கு விட்டவன், எழுதுதாள் கொடுத்த கடைக்காரன் ஆகியோரோடு சேர்ந்து, மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்னும் கூட்டத்தில் நிற்கிறான். மிச்சம் இருப்பதில்லை என்பது வழக்கறிந்த அனைவரும் அறிந்ததே.

கம்பனியாகப் பதியப்படாத ஆலைகளின் நிலை இதனினும் விந்தையானது. தனியாள் வங்குரோத்துக்கு நம்மிடம் உள்ளது 1853ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். இந்நாட்டு மலைகளில் தேயிலை வணிகப் பயிராகுமுன் எழுதப்பட்ட சட்டம் அது! ஆனால் வங்கிக்கு மட்டும் பழைய சட்டம் போதவில்லை. அதற்காக 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நீதிமன்றப் படியேறாமலே, பணிப்பாளர் சபையின் தீர்மானம் ஒன்றைக் கொண்டே, வங்கி ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விடலாம். ‘பராட்டே’ என்று ஊரெல்லாம் அறிந்த அதிகாரம் இதுவே. நெருக்கடியில் சிக்கிய சிறு தொழிலாளர்களின் கூக்குரலுக்குப் பின் 2024இல் அது தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த நிறுத்தமும் தவணைக் கணக்கில் கிடைத்த தயவேயன்றி உரிமையாக எழுதப்பட்டதன்று.

வங்கிக்கு ஒரு தீர்மானம் போதும். வயற்காரனுக்கு ஒரு வாழ்நாள் வழக்கும் போதாது. இதுவா சமநீதி?

1896இல் ஒரு நீதியரசர் சொன்னது

இந்த வரிசை இறைவன் வகுத்ததன்று, மனிதர் வகுத்தது. எங்கே வகுக்கப்பட்டது என்று பார்ப்போம்.

லண்டன் வைற்சப்பலில் சலமன் என்னும் சப்பாத்து வியாபாரி ஒருவர் இருந்தார். நன்றாக நடந்த தம் வியாபாரத்தை 1892இல் ஒரு கம்பனியாக்கினார். ஏறத்தாழப் பங்கு முழுவதும் அவருக்கே. சட்டம் கேட்ட ஏழு பேரை நிரப்ப மனைவிக்கும் மக்களுக்கும் ஆளுக்கொரு பங்கு. தம் சொந்தக் கம்பனியே தமக்குக் கடன்பட்டதாகவும், அதற்குக் கம்பனியின் சொத்து முழுவதும் ஈடு என்றும் பத்திரம் எழுதிக்கொண்டார். கம்பனி விரைவிலேயே முறிந்தது. ஈடுள்ள கடனைத் தீர்த்தபின், தோலும் சரக்கும் கடனுக்குக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கம்பனி வேறு, சலமன் வேறு என்று பிரபுக்கள் சபை 1896இல் தீர்ப்பளித்தது. உலகெங்கும் சட்ட மாணவன் முதல் ஆண்டில் படிக்கும் வழக்கு இது. நானும் படித்தேன்.

ஆனால் அத்தீர்ப்பின் ஒரு பகுதியை ஆசிரியர்கள் அழுத்திச் சொல்வதில்லை. தீர்ப்பளித்தவர்களுள் ஒருவரான மக்னாட்டன் பிரபு, கம்பனிக்குச் சரக்குக் கொடுத்த சாதாரண வணிகர்களுக்கு, முறிவுக்கு முந்திய ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் கொடுத்த சரக்கின் அளவுக்காவது முன்னுரிமை இருத்தல் வேண்டும் என்று தாம் நெடுங்காலமாகக் கருதி வந்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டு, இன்றைய சட்டம் அவ்வாறு இல்லையே என்று முடித்தார். கம்பனிச் சட்டத்தின் அத்திவாரக் கல்லை நாட்டிய அதே தீர்ப்பில், அந்தக் கல்லின்கீழ் நசுங்குவோரைப் பற்றிய எச்சரிக்கையும் எழுதப்பட்டிருக்கிறது!

அந்த எச்சரிக்கைக்கு இங்கிலாந்துப் பாராளுமன்றம் அரைகுறையாகச் செவிசாய்க்க நூற்றாறு ஆண்டுகள் சென்றன. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம், மிதக்கும் ஈட்டில் அகப்பட்ட சொத்தில் ஒரு பகுதியை ஈடில்லாக் கடன்கொடுத்தோருக்கென ஒதுக்கி வைக்க விதித்தார்கள். அதன் உச்ச எல்லை 600,000 பவுண். 2020இல் அதை 800,000 பவுணாக உயர்த்தினார்கள். நாமோ அவர்களுடைய பழைய சட்டத்தை இறக்குமதி செய்தோம். அவர்கள் அதற்குப் போட்ட ஒட்டை இறக்குமதி செய்யவில்லை.

திருமண்டங்குடியின் பாடம்

புதுச் சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோர் பாக்குநீரிணைக்கு அப்பால் ஒரு கணம் பார்க்கட்டும்.

இந்தியா 2016இல் புதிய நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தை இயற்றியது. நோயுற்ற கம்பனியை 180 நாளில் தீர்க்கவேண்டும். நீடித்தாலும் 330 நாளுக்குள் முடிக்கவேண்டும். நோக்கம் நல்லது. ஆனால் கம்பனியின் தலைவிதியைத் தீர்மானிக்கும் கடன்கொடுத்தோர் குழுவில் வாக்குரிமை யாருக்கு? பணம் கடனாகக் கொடுத்தவர்களுக்கு. பொருளும் உழைப்பும் கடனாகக் கொடுத்தவர்களுக்கு வாக்கில்லை. மொத்தக் கடனில் அவர்களுடையது பத்தில் ஒரு பங்கு ஆகுமானால் உள்ளே வந்து வாய்மூடி உட்காரலாம். கலைப்பு வந்தால் தொழிலாளரின் இருபத்துநான்கு மாதக் கூலி, ஈட்டை விட்டுக்கொடுத்த வங்கியோடு சமமாக நிற்கிறது. அது பாராட்டத்தக்கது. கரும்பு கொடுத்தவனோ அரசாங்கத்தின் வரிப்பாக்கிக்கும் பின்னால் நிற்கிறான்.

தஞ்சை மாவட்டத்தில், பாபநாசத்தை அடுத்த திருமண்டங்குடியில், திரு ஆரூரான் சர்க்கரை ஆலை இந்தச் சட்டத்தின் வாயில் சென்றது. ஆலை ஈற்றில் புதிய நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறிற்று. கரும்புக் கிரயத்தின் பாக்கி முழுதும் வேண்டும் என்றார்கள் விவசாயிகள். அதனினும் கொடிதாக, தங்கள் பெயரில் வங்கிகளில் பழைய நிருவாகம் எடுத்த கடன் தங்கள் தலையில் நிற்கிறது என்று முறையிட்டார்கள். 2022 நவம்பர் இறுதியில் ஆலை வாசலில் குந்தியவர்கள் மாதக்கணக்காக எழவில்லை. கரும்பு வாங்கிய பதினான்கு நாளில் பணம் கொடுக்கவேண்டும், தவறினால் நூற்றுக்குப் பதினைந்து வட்டி என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. ஆலை உயிரோடு இருக்கும்வரை அந்த ஆணை உழவன் பக்கம். ஆலை முறிந்த அன்றோ, வங்குரோத்துச் சட்டமே மற்றெல்லாச் சட்டங்களுக்கும் மேல் என்று எழுதி வைத்துவிட்டார்கள். பசித்தவனுக்கு விருந்துக்கு அழைப்பு அனுப்பிவிட்டு, வந்தவுடன் வாசலை அடைப்பது போன்றதல்லவா இது?

அதே இந்தியாவில் இன்னொரு கூட்டமும் வரிசையின் வாலில் நின்றது. அடுக்குமாடி வீட்டுக்கு முற்பணம் கட்டி ஏமாந்த நடுத்தர வகுப்பார். ஜேப்பி என்னும் கம்பனி முறிந்தபோது ஆயிரக்கணக்கானோர் வீடுமின்றிப் பணமுமின்றி நின்றனர். அவர்கள் சங்கம் அமைத்தார்கள், நீதிமன்றம் சென்றார்கள், பத்திரிகைகளை நிறைத்தார்கள். 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. வீடு வாங்குவோரும் வங்கியைப் போலவே பணக்கடன் கொடுத்தோராகக் கருதப்பட்டுக் குழுவில் வாக்குரிமை பெற்றனர். 2019இல் உயர் நீதிமன்றமாகிய சுப்ரீம் கோட்டும் அதை உறுதிப்படுத்தியது.

பாடம் தெளிவு. வரிசை மாறக்கூடியது. கேட்டவன் முன்னே போனான். கேளாதவன் பின்னேயே நின்றான். கரும்புக்காரன் கேட்டான், ஆனால் சட்டம் எழுதி முடிந்தபின் ஆலை வாசலில் கேட்டான். நாம் சட்டம் எழுதப்படுமுன், எழுதுவோரின் வாசலில் கேட்கவேண்டும்.

அமெரிக்கா பொதுவுடைமை நாடா?

உழவனுக்கு முன்னுரிமை என்றதும், இது பொதுவுடைமைப் பேச்சு, முதலீட்டாளர் ஓடிவிடுவர் என்று கொழும்பில் சிலர் புருவம் நெரிப்பர். அவர்களுக்காக அமெரிக்காவைக் கொண்டுவருகிறேன். முதலாளித்துவத்தின் தலைவாசல் என்று அவர்களே போற்றும் நாடு அது.

1975இல் அமெரிக்கன் பீஃப் பக்கர்ஸ் என்னும் பெரிய இறைச்சிக் கம்பனி அங்கே முறிந்தது. பல மாநிலங்களின் பண்ணைக்காரர்கள் மாடுகளைக் கொடுத்துவிட்டுக் காசுக்குக் காத்திருந்தார்கள். கம்பனிக்குக் கடன் கொடுத்த நிதி நிறுவனமோ இருப்பின்மேல் ஈடு பெற்றிருந்தது. ஒலுவில் கிழவரின் கதையேதான். நெல்லுக்குப் பதில் மாடு. ஆனால் அங்கே கதை அத்துடன் முடியவில்லை. அடுத்த ஆண்டே, 1976இல், அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. கைக்காசுக்கு விற்ற மாட்டுக்குப் பணம் கொடுபடும்வரை, இறைச்சியும் அதை விற்று வரவேண்டிய தொகையும் விற்றவனுக்காகப் பேணப்படும் நம்பிக்கைப் பொறுப்புச் சொத்து என்று விதித்தது. அது கம்பனியின் சொத்தன்று. ஆகவே வங்கி கைவைக்க முடியாது.

1984இல் பழமும் காய்கறியும் விளைவிப்போர் அதே காவலைப் பெற்றனர். அதே ஆண்டில் வங்குரோத்துச் சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலிலேயே இரண்டு பேரைப் பெயர் சொல்லிச் சேர்த்தனர். யார் யார்? தானியக் களஞ்சியம் முறிந்தால், தானியம் விளைவித்த உழவன். மீன் களஞ்சியமோ பதனிடும் ஆலையோ முறிந்தால், மீன் பிடித்த மீனவன். ஒலுவிலில் இருந்து இதைப் படிப்போர் மறுபடி ஒருமுறை படிக்க: உழவனும் மீனவனும்! உரிமைக்கு ஒரு தொகை எல்லை உண்டு. ஆயினும் பட்டியலில் பெயர் உண்டு. 1986இல் கடன்பட்ட விவசாயக் குடும்பம் நிலத்தை இழக்காமல் தவணையில் கடன் தீர்க்கத் தனி அத்தியாயமே எழுதினார்கள். 2005இல் அதை மீனவக் குடும்பத்துக்கும் விரித்தார்கள்.

கனடாவிலும் முறிவுக்கு முந்திய பதினைந்து நாளுக்குள் விளைபொருள் ஒப்படைத்த விவசாயிக்கும் மீனவனுக்கும், அந்த வணிகனின் இருப்பின்மேல் வங்கிக்கும் முந்திய உரிமையைச் சட்டம் அளிக்கிறது.

இந்த நாடுகளில் வங்கிகள் கதவடைத்தனவா? முதலீட்டாளர் கப்பலேறினாரா? இல்லையே! பின், அம்பாறை வயற்காரனுக்கு அதே நீதியைக் கேட்டால் மட்டும் வானம் இடிந்து விழும் என்பது என்ன நியாயம்?

வங்கியும் உழவனும் ஒரே தராசில்

எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துப் பார்ப்போம். உழவனை முன்னே விட்டால் வங்கி ஆலைக்குக் கொடுக்கும் கடனைக் குறைக்கும்; ஆலை வாங்கும் நெல்லும் குறையும்; ஈற்றில் உழவனுக்கே நட்டம் என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு, மறுக்கவில்லை.

ஆயினும் இருவரையும் ஒரே தராசில் வைத்துப் பாருங்கள். வங்கி ஆலையின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தபின் கடன் கொடுக்கிறது. உழவன் ஆலையின் கதவை மட்டுமே பார்க்கிறான். வங்கி காணியையும் கட்டடத்தையும் ஈடு பெறுகிறது. உழவன் ஒரு துண்டைப் பெறுகிறான். வங்கி வட்டி வாங்குகிறது, ஆபத்து மிகுந்தால் வட்டியைக் கூட்டுகிறது. உழவன் ஒரு சத வட்டியும் வாங்குவதில்லை. அறுவடைக் காலத்தில் இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு ஆலைக்கும் வட்டியில்லா வங்கியாக இருப்பவன் அவனே! அவனோ தான் கொடுத்த நெல்லுக்கு உரமும் உழவுக் கூலியும் வட்டிக்கு வாங்கியவன். ஆபத்தை அளந்து பார்க்க வல்லவனை விட்டுவிட்டு, அளக்கவே வழியில்லாதவன் தலையில் அதைக் கட்டுவது பொருளாதாரமும் அன்று, அறமும் அன்று.

மேலும், உழவன் கேட்பது ஆலையின் காணியை அல்ல, இயந்திரத்தை அல்ல. தான் கொடுத்து விலை பெறாத அந்த நெல்லையும், அந்நெல் விற்ற காசையும் மட்டுமே. வங்கி கொடாத நெல்லில் வங்கிக்கு என்ன பங்கு?

முறிந்ததும் மூடத்தான் வேண்டுமா?

இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். உழவனுக்குப் பாக்கிக் காசு மட்டும் போதாது. அடுத்த போகத்துக்கு ஆலையும் வேண்டும். அமெரிக்கா 1978இல் எழுதிய பதினொராம் அத்தியாயம், முறியும் கம்பனியைக் கடன்காரரிடமிருந்து சில காலம் காத்து, சீர்திருத்தி நடத்த இடமளிக்கிறது. இங்கிலாந்து 1986இலும் பின்னரும் அவ்வழியை விரித்தது. நம் கம்பனிகள் சட்டத்திலும் நிருவாகி ஒருவரை நியமிக்கும் ஏற்பாடு உண்டு. ஆயினும் ஊரில் ஆலை முறிந்தால் நாம் காண்பது பூட்டும் ஏலமுமே.

அதன் விலையை அம்பாறை அறியும். கல்லோயாத் திட்டத்தின் பிள்ளையாக 1960இல் எழுந்த ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலை, 1990களில் தனியார் கைக்குச் சென்று பின்னர் மூடப்பட்டது. கரும்பை நம்பிய குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. 2007இல் அரசாங்கமும் தனியாரும் பங்காளிகளாகப் புதிய கம்பனி தோன்றி, மறுபடி சீனி வடித்தது 2012இல். ஆலை உறங்கிய அத்தனை ஆண்டுகளுக்கும் எந்தக் கலைப்பாளர் கணக்கு எழுதினார்? இயந்திரத்தின் துருவுக்கு விலை மதிப்பிடலாம். பாழாய்ப்போன ஒரு தலைமுறைக்கு எந்த ஏலத்தில் விலை கேட்பது? ஆகவே மீட்புச் சட்டம் வரட்டும், வரவேற்போம். ஆனால் மீட்புத் திட்டத்தைத் தீர்மானிக்கும் மேசையில் விளைவித்தவனுக்கும் வாக்கு இருக்கட்டும். அவன் கரும்பு நட மறுத்தால் மீட்கப்பட்ட ஆலை எதை அரைக்கும்?

ஏட்டில் ஏறாத கடன்

கம்பனிகளை விட்டு நாட்டையே எடுத்துக்கொண்டாலும் வரிசை மாறுவதில்லை. 2022 ஏப்பிரல் 12ஆம் நாள் இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. நாடு முறிந்தால் அதைத் தீர்க்க உலகில் சட்டமும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. பேரம் ஒன்றே உண்டு. 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகளின் திறைசேரி முறிகளை விட்டுவைத்தார்கள். ஊழியர் சேமலாப நிதியின் முறிகளைக் குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். தொழிலாளியின் முதுமைக் காசு, பேசத் தெரியாத கடன்கொடுத்தோராகி வாலில் நின்றது.

நம் ஊரின் துறைமுகத்தையும் பாருங்கள். மறைந்த அமைச்சர் அஷ்ரபின் கனவு அது. டென்மார்க்கின் கடனுதவியில் 2008இல் வேலை தொடங்கி, 2013இல் திறந்து வைத்தார்கள். வாய் மணலால் அடைபட்டது. வடக்கே கரை அரிபட்டுத் தென்னையும் காணியும் கடலுக்கு இரையாயின. கரைவலை இழுத்த இடம் காணாமற் போயிற்று. கடன் திறைசேரியின் ஏட்டில் ஏறியது. கரையை இழந்தவனின் பாக்கி எந்த ஏட்டில் ஏறியது? கடன் என்றால் பத்திரத்தில் எழுதிய தொகை மட்டுமே என்று எண்ணும் கண்ணுக்கு, நெல் கொடுத்தவனும் தெரிவதில்லை. கரை இழந்தவனும் தெரிவதில்லை. நோய் ஒன்றே.

நாம் கேட்கவேண்டியவை

வெறும் கண்டனம் வயிற்றை நிரப்பாது. புதிய சட்டமூலம் பாராளுமன்றம் வருமுன் பின்வரும் நான்கையும் கேட்போம்.

முதலாவது: முறிவுக்கு முந்திய முப்பது நாளுக்குள் ஒப்படைத்து விலை பெறாத நெல், கரும்பு, பால், மீன் ஆகியனவும் அவற்றை விற்ற பணமும் விளைவித்தவனுக்காகப் பேணப்படும் நம்பிக்கைப் பொறுப்பு என்று சட்டம் சொல்லவேண்டும். எந்த ஈடும் அதைத் தொடலாகாது.

இரண்டாவது: கடன்கொடுத்தோர் குழு அமையுமிடத்தெல்லாம் விளைவிப்போருக்கு வாக்குள்ள இடம் வேண்டும்.

மூன்றாவது: விவசாய அமைப்பும் மீனவர் சங்கமும் தம் உறுப்பினர் அனைவர் சார்பிலும் ஒரே மனுவில் கோரிக்கை இடலாம் என்று விதிக்கவேண்டும். நாற்பதாயிரம் ரூபாய்ப் பாக்கிக்காக ஒருவன் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் பஸ் ஏறமுடியுமா?

நான்காவது: முறிவு அறிவித்தல், கோரிக்கைப் படிவம், ஏல விளம்பரம் யாவும் அந்தந்த ஊர் மக்களின் மொழியில் வரவேண்டும். அரசியலமைப்பில் அரசகரும மொழியாக எழுதப்பட்ட தமிழ், ஆலைக் கதவில் ஒட்டும் தாளில் இல்லையென்றால் அது யாருக்கான அறிவித்தல்?

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. 1896ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. விலை முழுதும் கிடைக்கும்வரை பொருளின் உடைமை விற்றவனுடையதே என்று இரு தரப்பும் முன்கூட்டி எழுதி ஒப்பமிடலாம். ஒவ்வொரு துண்டிலும் திகதி, நிறை, விலை, இந்த வாசகம், ஆலைக்காரனின் ஒப்பம் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். நெல் அரிசியாகி மற்றவர் அரிசியோடு கலந்துவிட்டால் இந்த வாசகத்தின் பலம் குன்றும் என்பதையும் மறைக்கமாட்டேன். ஆகவேதான் சட்டம் மாறவேண்டும் என்கிறேன். தனித்தனியே கேட்டால் ஆலைக்காரன் எழுதித் தரமாட்டான். வட்டை முழுவதும் ஒன்றாய் நின்று கேட்டால் எழுதித்தான் ஆகவேண்டும்.

படித்த தொழிலோருக்கும் ஒரு சொல். வங்கிப் பத்திரத்தை எழுதுபவர் நம்மூர்ச் சட்டத்தரணி. கணக்கைச் சரிபார்ப்பவர் நம்மூர்க் கணக்காளர். இரண்டு போகத்துக்கு ஒருமுறையாவது விவசாய அமைப்பின் கூட்டத்தில் போய் அமர்ந்து, ஒரு துண்டை எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுங்கள். பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு சொல். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே மேடைதோறும் உழவனின் வியர்வையைப் புகழ்கிறீர்கள். அந்த வியர்வைக்கு வரிசையில் எத்தனையாம் இடம் என்று சபையில் ஒருநாள் கேளுங்கள்.

அந்தக் கிழவருக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். கோரிக்கை எழுதினோம், கடிதம் அனுப்பினோம், அலைந்தோம். வங்கியின் கடனே சொத்தை விழுங்கிற்று. அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த போகத்தில் அவர் மீண்டும் விதைத்தார், மகனின் மோட்டார் சைக்கிளை விற்று. அந்தத் துண்டை என்னிடமே விட்டுச் சென்றார். “வெச்சிக்கங்க தம்பி, ஒரு நாளைக்கு உதவும்” என்றார்.

அது இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்த ஒரு நாள் எப்போது என்பதை இனி நாம்தான் தீர்மானிக்கவேண்டும்.